மூணு சீசன், அதே 27 புள்ளி: ஆறாவதா வந்த அணிக்கு பிளே-ஆஃப் கொடுப்பது நியாயமா?

27 புள்ளிகள். 2022-23 ஐஎஸ்எல் கால்பந்து சீசனில் சென்னையின் எஃப்.சி எடுத்தது இவ்வளவுதான். எட்டாவது இடம். லீக் சுற்றோடு சீசன் முடிந்தது.

அடுத்த வருஷம், 2023-24. மறுபடியும் 27 புள்ளிகள். ஆனால் இந்த முறை ஆறாவது இடம், பிளே-ஆஃபுக்குத் தகுதி. கோப்பைக்கும் அணிக்கும் நடுவில் நாலே மேட்ச்.

அதற்கு அடுத்த வருஷம், 2024-25. நம்பினால் நம்புங்கள், திரும்பவும் 27. இந்தத் தடவை பதினொன்றாவது இடம்.

மூன்று சீசனும் ஒரே மதிப்பெண். ஒரு தடவை மட்டும் 'பாஸ்'. இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. 2022-23இல் ஒவ்வொரு அணிக்கும் 20 மேட்ச். 2023-24இல் 22. 2024-25இல் 24. மேட்ச் கணக்கில் வகுத்துப் பார்த்தால் சென்னை நன்றாக ஆடியது எட்டாவது இடம் வந்த முதல் வருஷத்தில்தான்: மேட்ச்சுக்குச் சராசரியாக 1.35 புள்ளி. பிளே-ஆஃப் போன வருஷம் 1.23 மட்டுமே. சுமாராக ஆடிய வருஷம் உள்ளே, அதைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடிய வருஷம் வெளியே.

பிளே-ஆஃப் போன அந்த சீசனில் சென்னை ஜெயித்தது 8, டிரா 3, தோற்றது 11. அதாவது, ஆடிய மேட்ச்களில் சரிபாதியில் தோற்ற ஒரு அணி 'இந்தியாவின் சாம்பியன் யார்?' என்ற கேள்விக்கான இறுதிச் சுற்றில் உட்கார்ந்திருந்தது. இது நியாயமா?

காலடிப்பேட்டையிலிருந்து பார்த்தால்

இந்தக் கேள்வி வடசென்னையில் வெறும் அரட்டை இல்லை. வியாசர்பாடிக்கு 'குட்டி பிரேசில்' என்றே பேர். சென்னை அணி 2018இல் கோப்பை ஜெயித்தபோது நடுக்களத்தில் ஆடிய தன்பால் கணேஷ் அங்கே வளர்ந்தவர். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என எங்கே போனாலும் ஒரு மைதானம், ஒரு டீம், ஒரு ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் இருக்கும்.

காலடிப்பேட்டை என்ற பேரே பந்தாட்டத்துக்காக வைத்த பேர் போல இருக்கும். அசலில் அது 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலட் பேரில் உருவான நெசவாளர் பேட்டை. 'காலட் பேட்டை' வாய்வழியாகத் தேய்ந்து 'காலடிப்பேட்டை' ஆகிவிட்டது.

இங்கிருந்து நேரு ஸ்டேடியத்துக்குப் போவது இப்போது ரொம்ப ஈஸி. காலடிப்பேட்டை மெட்ரோவில் ஏறினால் டோல்கேட், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, மண்ணடி என்று போய் எட்டாவது ஸ்டேஷன் சென்ட்ரல். வண்டி மாறத் தேவையில்லை. அங்கே இறங்கி ரிப்பன் மாளிகையைச் சுற்றிக்கொண்டு நடந்தால் ஸ்டேடியம்.

எண்ணூரிலோ மணலியிலோ ஷிப்ட் முடித்து, இரவு ஏழரை மணி மேட்ச்சுக்கு ஓடும் ஒரு ரசிகரை நினைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் காசு, டிரெயின் காசு, ஒரு சாயங்காலம் முழுசும் செலவு. அவருக்கு 'ஆறாவது இடம்' என்பது இரண்டு விதமாகத் தெரியும். ஒன்று, ஏப்ரல் மாதம் வரைக்கும் போய்ப் பார்க்க ஒரு காரணம். இன்னொன்று, பதினோரு தோல்வியை மறைத்துப் போட்ட ஒரு போர்வை. இரண்டுமே உண்மைதான் என்பதுதான் இங்கே சிக்கல்.

ஆறு அணி முறை எப்படி வந்தது?

ஐஎஸ்எல் 2014இல் எட்டு அணிகளோடு தொடங்கியது. முதல் நான்கு இடங்கள் அரையிறுதிக்குப் போகும். எட்டில் நாலு, சரிபாதி. 2017-18இல் அணிகள் பத்தாகி, பிறகு பதினொன்று ஆனபோதும் நாலு இடம் நாலாகவே இருந்தது. பதினொன்றில் நாலு என்றால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அப்போது பிளே-ஆஃப் போவது கொஞ்சம் கஷ்டமான காரியமாகத்தான் இருந்தது.

2022-23இல் அதை ஆறாக்கினார்கள். முதல் இரண்டு அணிகள் நேராக அரையிறுதி. மூன்றாவது அணியும் ஆறாவது அணியும் ஒரு மேட்ச், நான்காவதும் ஐந்தாவதும் ஒரு மேட்ச். மேலே இருக்கும் அணியின் ஊரில்தான் அது நடக்கும். தோற்றால் காலி. ஜெயித்தால் இரண்டு மேட்ச் அரையிறுதி, அதன்பின் ஒற்றை ஃபைனல். பதினொன்றில் ஆறு, அதாவது பாதிக்கும் மேல்! பிறகு அணிகள் 12, 13 என்று கூடியதால் அந்த விகிதம் கொஞ்சம் இறங்கியது.

அமெரிக்காவில் கல்லூரி அணிகளின் ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்லை, கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்) இதே வாக்குவாதத்தில் பல வருஷமாக மாட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே சீசன் முடிந்தபின் 'பவுல் கேம்' என்று தனியாக மேட்ச்கள் உண்டு. 1902இல் நடந்த முதல் ரோஸ் பவுல் காலத்தில் அது பெரிய கௌரவம். இப்போது நாற்பதுக்கும் மேற்பட்ட பவுல்கள் இருக்கின்றன. 12 மேட்ச்சில் ஆறு ஜெயித்தால் போதும், அணிக்கு இடம் கிடைத்துவிடும். உயர்மட்டத்தில் ஆடும் 130 சொச்சம் அணிகளில் பாதிக்கு மேல் எதாவது ஒரு பவுலில் ஆடுகின்றன. அதில் ஒன்று ஒரு பிஸ்கட் கம்பெனி மாதிரியான பிராண்டின் பேரில் நடக்கும். ஜெயித்த அணி 2023இல் அந்தப் பிராண்டின் சின்னத்தையே, அதாவது ஆள் உயர இனிப்புப் பண்டத்தை, மைதானத்தில் வைத்துச் சாப்பிட்டது. வீடியோ தேடினால் கிடைக்கும்.

ஆனால் அதற்கும் ஐஎஸ்எல்லுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சுமாரான அணி ஆடும் பவுல் கேம் ஒரு பாராட்டு விழா மாதிரி. ஜெயித்தாலும் தேசிய சாம்பியன் ஆக முடியாது. ஐஎஸ்எல்லில் ஆறாவதாக வந்த அணி நாலு மேட்ச்சை ஒப்பேற்றினால் கோப்பையே கையில். ஜஸ்ட் பாஸ் ஆன பையனுக்கு விழாவில் ஒரு பேனா கொடுப்பது வேறு, அவனைக் கூப்பிட்டு 'வா, ஒரு பரீட்சை எழுது, ஜெயிச்சா நீதான் ஸ்கூல் ஃபர்ஸ்ட்' என்று சொல்வது வேறு.

சென்னைக்காரர் இதைத் திட்டலாமா?

இங்கேதான் கொஞ்சம் சங்கடம். ஏனென்றால் பிளே-ஆஃப் என்று ஒன்று இல்லையென்றால், சென்னையின் அலமாரியில் ஐஎஸ்எல் கோப்பையே இருந்திருக்காது.

2015ஐ எடுத்துக்கொள்வோம். மார்கோ மாடராஸி பயிற்சியாளர். சீசனின் நடுவில் அணி பட்டியலில் கடைசி இடம். பிறகு வரிசையாக ஜெயித்து, 22 புள்ளிகளோடு மூன்றாவதாக உள்ளே வந்தது. அது சென்னை வெள்ளத்தில் மூழ்கிய டிசம்பர். சொந்த ஊர் அரையிறுதியை நேரு ஸ்டேடியத்தில் நடத்த முடியாமல் புனேவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தது சென்னை. டிசம்பர் 20 ஃபைனலில் எதிரே இருந்தது பட்டியலில் முதலிடம் பிடித்த கோவா, அதுவும் கோவாவிலேயே. கடைசி நிமிஷங்களில் ஆட்டம் தலைகீழாகி 3-2. ஊரே சேறு வாரிக்கொண்டிருந்த நேரத்தில் வந்த அந்தக் கோப்பையை 'லீக்கில் மூணாவதா வந்தவங்கதானே' என்று யாரும் சொல்லவில்லை.

2018இலும் கதை அதேதான். லீக்கில் பெங்களூரு 40 புள்ளி, சென்னை 32. எட்டுப் புள்ளி பின்னால் இருந்த அணி, மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்திலேயே போய் 3-2 என்று ஜெயித்தது. மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு கோலை இன்னும் மறக்காதவர்கள் உண்டு.

2019-20இல் சீசனின் பாதியில் ஓவன் கோயில் பயிற்சியாளராக வந்தார். கீழே கிடந்த அணி நாலாவதாக ஏறியது. முதலிடத்தில் இருந்த கோவாவைவிடப் பத்துப் புள்ளி குறைவு. ஆனாலும் அரையிறுதியில் அதே கோவாவை இரண்டு மேட்ச் சேர்த்து 6-5 என்று வெளியே அனுப்பியது. ஃபைனலில் ஏடிகே-விடம் 3-1 தோல்வி.

கிரிக்கெட் பக்கம் போனால் இன்னும் சுவாரசியம். 2010 ஐபிஎல்லில் சிஎஸ்கே 14 மேட்ச் ஆடி 7 ஜெயித்து 7 தோற்றது. அமெரிக்கக் கணக்கில் சொன்னால் பக்கா 'ஆறுக்கு ஆறு' அணி. சிஎஸ்கே, பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா என நாலு அணிகள் 14 புள்ளியில் நின்றன, ரன் ரேட்தான் பிரித்தது. தர்மசாலாவில் கடைசி ஓவரில் 16 ரன் தேவைப்பட்டபோது தோனி அடித்த அடியும், ஜெயித்த பிறகு தன் ஹெல்மெட்டிலேயே குத்திக்கொண்டதும் அந்த 'பாதிக்குப் பாதி' சீசனைக் காப்பாற்றியதால்தான் இன்னும் ரீல்ஸில் ஓடுகிறது. லீக்கில் 20 புள்ளியோடு முதலிடத்தில் இருந்த மும்பையை ஃபைனலில் வீழ்த்தி சிஎஸ்கே முதல் கோப்பை வாங்கியது. அப்போது மும்பை ரசிகர் யாராவது 'இது அநியாயம்' என்று சொல்லியிருந்தால், கணக்குப்படி அவர் பேச்சில் தப்பில்லை.

2019இல் ஹைதராபாத் இன்னும் ஒரு படி கீழே போனது. 6 வெற்றி, 8 தோல்வி, 12 புள்ளி. ஆனாலும் பிளே-ஆஃப். எலிமினேட்டரிலேயே டெல்லியிடம் தோற்றது.

கபடியில் தமிழ் தலைவாஸ் 2022 சீசனில் ஐந்தாவதாக வந்து அரையிறுதி வரை போய், புனேவிடம் இரண்டே புள்ளியில் தோற்றார்கள். நாலு அணி மட்டும்தான் என்றிருந்தால் அந்த ஓட்டமே கிடையாது. அந்த 12 அணி லீகில் இப்போது எட்டு அணிகள்வரை அடுத்த கட்டத்துக்குப் போகின்றன.

ஆக, 'சுமாரா ஆடினவனுக்கு எதுக்கு வாய்ப்பு?' என்று கேட்கும் நாக்கு, தமிழ்நாட்டு ரசிகருக்குக் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும்.

சரி, ஆறாவது அணி என்னதான் சாதித்தது?

மூன்றாவது, நான்காவது இடங்களை வைத்து ஆறாவது இடத்துக்கு வக்காலத்து வாங்க முடியாது. ஆறு அணி முறை நடந்தது மூன்று சீசன். அதன் ரிப்போர்ட் கார்டு இது.

2022-23: ஆறாவது ஒடிசா, ஏடிகே மோகன் பகானிடம் 2-0 தோல்வி. 2023-24: ஆறாவது சென்னை, கோவாவிடம் 2-1 தோல்வி. 2024-25: ஆறாவது மும்பை, பெங்களூருவிடம் 5-0 தோல்வி.

மூன்று மேட்ச், மூன்றும் தோல்வி. அடித்த கோல் 1, வாங்கிய கோல் 9. அந்த ஒரு கோலும் நம்மாட்கள் அடித்தது, அது ஓர் அற்ப ஆறுதல்.

ஐந்தாவது அணிகளின் நிலையும் பெரிதாக இல்லை. மூன்றில் ஒன்று மட்டும், 2024-25இல் ஜாம்ஷெட்பூர், முதல் மேட்ச்சைத் தாண்டியது. 2022-23இல் ஐந்தாவதாக வந்த கேரளா, பெங்களூருவுக்கு எதிராக சுனில் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீ கிக்கை ஏற்காமல் மைதானத்தைவிட்டே வெளியேறியது. கேரளாவுக்கு விதித்த அபராதம் 4 கோடி ரூபாய். பிளே-ஆஃப் ஆறாகி நடந்த முதல் மேட்ச்சே அப்படித்தான் முடிந்தது.

மூன்று சீசனிலும் கோப்பை வாங்கியது முறையே மூன்றாவது, இரண்டாவது, முதலாவது அணி. ஐந்தும் ஆறும் சாம்பியனைத் தீர்மானிக்கவே இல்லை. இதை இரண்டு பக்கமும் வாதாடலாம். 'யாருக்கும் கெடுதல் இல்லையே, இருந்துட்டுப் போகட்டும்' எனலாம். 'ஒன்றுக்கும் உதவாத மேட்ச்சை ஏன் பிளே-ஆஃப் என்று விற்கிறீங்க?' என்றும் கேட்கலாம்.

2023-24 பட்டியலைப் பாருங்கள். மோகன் பகான் 48, மும்பை 47, கோவா 45, ஒடிசா 39, கேரளா 33, சென்னை 27. நாலாவதுக்கும் ஆறாவதுக்கும் 12 புள்ளி பள்ளம். ஏழாவதாக வந்த நார்த்ஈஸ்ட் 26 புள்ளி. அந்த அணி தோற்றது எட்டு மேட்ச்தான், சென்னையைவிட மூன்று குறைவு. டிரா அதிகம் போட்டதால் ஒரு புள்ளியில் வெளியே போனது. ஆறாவது என்ற கோடு தரத்தைப் பிரிக்கிற கோடாக இல்லை. கும்பலின் நடுவில் குத்துமதிப்பாகக் கிழித்த கோடு.

ஆனா அந்த ஏப்ரல் மாதம்…

ஆறாவது இடத்தை எதிர்க்கிறவர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. ஐஎஸ்எல் என்பது கீழே விழும் பயமே இல்லாத லீக்காக இருந்தது. இங்கிலாந்தில் 15ஆவதாக இருக்கும் அணிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். கடைசி மூன்றில் போனால் அடுத்த வருஷம் கீழ் டிவிஷன், கோடிக்கணக்கில் நஷ்டம். இங்கே 2023-24இல் ஹைதராபாத் 22 மேட்ச்சில் ஒன்றே ஒன்று ஜெயித்து 8 புள்ளியோடு கடைசி. அடுத்த வருஷமும் அதே லீகில் ஆடியது. 2024-25இல் 13 புள்ளியோடு கடைசியாக வந்த முகமதனுக்கும் ஆட்டத்தில் தோற்று இறங்கும் ஆபத்து இல்லை.

மேலே போக வழியில்லை, கீழே விழப் பயமில்லை என்றால் ஜனவரியிலிருந்து பாதி அணிகள் சும்மா வந்து ஆடிவிட்டுப் போகும். டிக்கெட் வாங்கி வருகிறவர் எதைப் பார்ப்பார்? இந்த ஓட்டையை அடைக்கும் துணியாகத்தான் ஆறாவது இடம் வந்தது.

துணி கொஞ்சம் வேலையும் செய்தது. 2023-24இல் சீசனின் பெரும்பகுதி கீழ் வரிசையிலேயே கிடந்த சென்னை, மார்ச் கடைசியில் கொல்கத்தாவுக்குப் போய் மோகன் பகானை, அந்த வருஷம் ஷீல்டு வாங்கப் போகிற அணியை, 3-2 என்று சாய்த்தது. ஏப்ரலில் நேரு ஸ்டேடியத்தில் நார்த்ஈஸ்ட்டுக்கு எதிராக ஆட்டம் 1-1. கூடுதல் நேரத்தில் அங்கித் முகர்ஜி அடித்தார், 2-1. 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' ரசிகர்கள் அந்த இரவு போட்ட கூச்சலுக்கு ஒரே காரணம் ஆறாவது இடம்தான். நாலு அணி முறை என்றால், 39 புள்ளி எட்டாத தூரத்தில் இருக்க, அது யாரும் பார்க்காத ஒரு செவ்வாய்க்கிழமை மேட்ச்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கடைசி மாதம் வரை ஒவ்வொரு மேட்ச்சும் 'ஜெயிச்சே ஆகணும்' என்றால், எந்தப் பயிற்சியாளரும் 19 வயதுப் பையனை இறக்கி ஆழம் பார்க்கமாட்டார். வியாசர்பாடியிலிருந்தோ காலடிப்பேட்டையிலிருந்தோ வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குப் 'பயனில்லாத' மேட்ச்தான் பயனுள்ள மேட்ச். ஆறாவது இடத்துக்கான ஓட்டத்தில் அந்த நிமிஷங்கள் காணாமல் போகின்றன. போன அணி ஒரே மேட்ச்சில் திரும்பி வந்துவிடுகிறது.

நிர்வாகத்துக்கும் இது ஒரு வசதியான திரை. 'பிளே-ஆஃப் போனோம்ல' என்ற ஒரு வரியில் 11 தோல்வி மறைந்துவிடும். பிளே-ஆஃப் போன அணி அடுத்த வருஷம் பதினொன்றாவது இடம் வந்தது நினைவிருக்கும். உண்மையில் அணி சரிந்ததே இல்லை, அதே 27 புள்ளிதான். முந்தைய வருஷம் ஏறியதும் உண்மை ஏற்றம் இல்லை என்பதுதான் அந்த எண் சொல்வது. 2025இல் கோயில் விடைபெற்றார்.

'யார் சாம்பியன்?' என்ற பழைய சண்டை

சுமாரான அணி உள்ளே வருவதில் நிஜமாக அடிபடுவது முதலிடத்தில் இருக்கும் அணிதான். 2021-22இல் ஜாம்ஷெட்பூர் 43 புள்ளியோடு முதலிடம். பயிற்சியாளர் அதே கோயில். அரையிறுதியில் நாலாவது கேரளாவிடம் தோற்றது. 2022-23இல் மும்பை 46 புள்ளி, தொடர்ந்து 18 மேட்ச் தோல்வியே இல்லை. அரையிறுதியில் பெங்களூருவிடம் பெனால்டியில் 9-8 என்று போனது. அந்த வருஷம் கோப்பை வாங்கிய ஏடிகே மோகன் பகான் லீக்கில் எடுத்தது 34.

இதற்கு மருந்தாக 2019-20இல் 'லீக் வின்னர்ஸ் ஷீல்டு' கொண்டுவந்தார்கள். முதலிடத்துக்கு ஷீல்டு, கூடவே ஆசியப் போட்டிக்கான இடம். முதல் ஷீல்டு வாங்கிய கோவா 2021இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் குரூப் சுற்றில் ஆடிய முதல் இந்திய கிளப் ஆனது. ஆனால் பரிசுத் தொகையைப் பார்த்தால் மனசில் இருப்பது வெளியே வந்துவிடும்: ஷீல்டுக்கு 3.5 கோடி, கோப்பைக்கு 6 கோடி. மாசக்கணக்கில் உழைத்ததற்குக் கம்மி, கடைசிச் சில வாரங்களுக்கு அதிகம். டிவிக்கு எது விற்கும் என்பதுதான் இந்தக் கணக்கின் அடிப்படை.

உலகமும் அந்தப் பக்கம்தான் நகர்கிறது. 2016 யூரோ கோப்பையை 24 அணிகளாக்கி, மூன்றாவதாக வந்த சிலரையும் உள்ளே விட்டார்கள். போர்ச்சுகல் குரூப்பில் மூன்று மேட்ச்சும் டிரா, மூன்றாவது இடம். பழைய 16 அணி முறையில் ரொனால்டோ அத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். புது முறையில் கோப்பையோடு போனார். 48 அணிகளின் 2026 உலகக் கோப்பையிலும் 32 அணிகள் நாக்-அவுட்டுக்குப் போகலாம். அதில் எட்டு, குரூப்பில் மூன்றாவதாக வந்தவை.

தகுதி என்பது யாரோ கிழித்த கோடுதான் என்றால், அதை எங்கே கிழிப்பது என்பதில்தான் நேர்மை இருக்கவேண்டும். ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற அணிக்கு இடமில்லை என்று ஒரு விதி போட்டாலே பாதி எரிச்சல் அடங்கும். ஆறாவது காலியானால் மூன்றாவது அணிக்கு ஒரு மேட்ச் மிச்சம். ஷீல்டுத் தொகையைக் கோப்பைக்குச் சமமாக்குவதும் அப்படி ஒன்றும் நடக்காத காரியமில்லை. 2023-24இல் அந்த விதி இருந்திருந்தால் சென்னை வெளியே இருந்திருக்கும். 2010 சிஎஸ்கே தப்பியிருக்கும். ஏழுக்கு ஏழு, நூலிழை.

இப்போது பிளே-ஆஃபே இல்லை

இந்த வாதத்தை எல்லாம் 2025இன் குழப்பம் ஓரமாகத் தள்ளிவிட்டது. இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் டிசம்பர் 8ஆம் தேதியோடு முடிவதாக இருந்தது. புதுப்பிக்கப்படாததால் சீசனே தொங்கலில் நின்றது. ஆகஸ்டிலேயே சென்னையின் எஃப்.சி தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. ஆறாவதா எட்டாவதா என்பது போய், அணி இருக்குமா என்பதே கேள்வியானது.

கடைசியில் 2026 பிப்ரவரி 14 அன்று சுருக்கப்பட்ட சீசன் தொடங்கியது. 14 அணிகள், ஒருவரோடு ஒருவர் ஒரே தடவை, மொத்தம் 91 மேட்ச். பதினாலு அணிகள் தலா ஒருமுறை மோதினால் வருவது சரியாக 91. பிளே-ஆஃபுக்கு அதில் ஒரு மேட்ச்கூட மிச்சமில்லை. பட்டியலில் முதலிடம் யாரோ அவர்தான் சாம்பியன். கேட்டவர்களுக்குக் கேட்டது கிடைத்துவிட்டது, கொள்கைக்காக இல்லை, நாள் போதாததால்.

காலடிப்பேட்டை ரசிகருக்கு இதில் பெரிய மாற்றம் இல்லை. பிளே-ஆஃப் மேட்ச் மேலே இருக்கும் அணியின் ஊரில்தான் நடக்கும் என்பதால், 2024இல் சென்னை தகுதி பெற்றபோதும் ஆட்டம் கோவாவில். நேரு ஸ்டேடியத்தில் சென்னை கடைசியாக ஒரு பிளே-ஆஃப் மேட்ச் ஆடியது 2020 பிப்ரவரி 29 அன்று, கோவாவை 4-1 என்று அடித்த அந்த அரையிறுதி. காலடிப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷன் திறந்தது 2021 பிப்ரவரி 14. அந்த ஸ்டேஷனிலிருந்து நேரு ஸ்டேடியத்துக்கு ஒரு பிளே-ஆஃப் பார்க்க இன்னும் யாரும் டிரெயின் ஏறவில்லை.